அப்பா பேரைக் கூப்பிட்ட ஸ்கிரீன்

சிந்து: ரெண்டுமே எழுத்துதான், யுகேன். பேரும் எழுத்து, அப்பா பேரும் எழுத்து. இடம் மாறுனா கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? தப்புன்னு அது வாயே தொறக்கல.

யுகேந்திரன்: அலாமா... அதுக்கு ஏன் டியூப்பிள்ல, எது எதுன்னு பேரு ஒட்டாம வெறும் வரிசையா போட்ட? புரோகிராம்ல ஒரு கிளாஸ் எழுதி, இது பேரு, இது அப்பா பேருன்னு வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்லா.

சிந்து: ரெண்டே ரெண்டு விஷயம், இதுக்குப் போயி ஒரு கிளாஸா, சேத்துக் கட்டி அனுப்புன்னு சொன்னது யாரு?

யுகேந்திரன்: ...நான்தான்.

சிந்து: கட்டி அனுப்பினேன்.

யுகேந்திரன்: தே ஒண்ணு, கோப்பி ஒண்ணு பொட்டலம் கட்டி, மேல ஒண்ணும் எழுதாம குடுத்த மாதிரி. மொதல்ல இருக்கறது பேருன்னு நெனச்சு, கிளினிக் ஸ்கிரீன்ல நான் அதையே கூப்பிட வச்சிட்டேன்.

சிந்து: எங்க ஊர்ல இனிஷியல்தான் முன்னாடி. அப்பா முன்னால போவாரு, நான் பின்னால போவேன். கை அப்படியே எழுதிருச்சு.

யுகேந்திரன்: இங்க நாம முன்னால, அப்பா, மகன் மகள்னு போடற ஏ/எல், ஏ/பிக்குப் பின்னாலலா. என் கண்ணும் அப்படியே படிச்சிருச்சு. சரி... டெஸ்ட் பண்ணோமே?

சிந்து: பேரு டெஸ்ட், அப்பா பேரும் டெஸ்ட்னு போட்டா எங்க தெரியும்?

யுகேந்திரன்: நல்லா வெளங்கும்... மேடம் எங்க?

சிந்து: கிள்ளான்ல. கிளினிக் ஆளுங்கள சமாதானப்படுத்திட்டு வராங்களாம். வந்ததும் ஒரு பேரு வேணுமாம். யார் தப்புன்னு, ஒரே ஒரு பேரு.

யுகேந்திரன்: உன் வேல பெர்மிட்?

சிந்து: இந்த மாசத்தோட முடியுது. மேடம் கையெழுத்து போட்டாதான் மறுபடி கிடைக்கும். என் பேரு போனா போடுவாங்களா?

யுகேந்திரன்: அப்போ வாயத் தொறக்காத.

சிந்து: ம்... நீங்க ஏன் சாப்பிடல? வாழை இலையில மறுசோறு வாங்குற ஆளு, இன்னைக்கு இறங்கிக்கூடப் போகல.

யுகேந்திரன்: பசிக்கலலா.

சிந்து: பேரு மாறிப்போன அந்தம்மாவோட மகன்தான் போன்லயே கிளினிக்க ரெண்டாக்கிட்டாராம். இதச் செஞ்சவன வேலைய விட்டுத் தூக்கற வரைக்கும் விடமாட்டேன்னு ஒரே கத்தலாம்.

யுகேந்திரன்: கத்துவான். கண் ஆபரேஷன்னு அந்தம்மா நேத்து விடிஞ்சதுலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. வந்தவங்க எல்லாம் அப்பா பேரக் கேட்டும் சுதாரிச்சு உள்ள போயிட்டு வராங்க, வீரம்மா மட்டும் உக்காந்தே இருக்காங்க. கடைசியில, கூப்பிட்டோம், நீங்க வரலன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

சிந்து: வேலாயுதம், வேலாயுதம்னு கூப்பிட்டா வீரம்மா எப்படி எழுந்திருப்பாங்க? பாவம்... இருங்க, பச்சத்தண்ணி குடிக்கலன்னு உங்களுக்கு யாரு சொன்னா? மேடம் சொல்லலியே.

யுகேந்திரன்: டீ ஆறுது, குடி.

சிந்து: யுகேன்... நான் மேடத்துக்கு மெசேஜ் போட்டுட்டேன். தப்பு என்னோடதுன்னு.

யுகேந்திரன்: அடோய்! யாரு உன்ன கேட்டா?

சிந்து: களைச்சுப்போச்சு, யுகேன். தெனமும் இந்த பெர்மிட் நெனப்பு... யாராவது ஒருத்தர் பேரு போய்த்தானே ஆகணும்? நேத்து மத்தியானம் அம்மாவுக்கு முடியலன்னு அப்படி ஓடுனீங்க. உங்களுக்கு வேல போனா அவங்கள யாரு பாப்பா? நான் ஊருக்குப் போயி எதையாவது தேடிக்கறேன்.

யுகேந்திரன்: மெசேஜ அழி. மேடம் வந்ததும் நான் பேசறேன். வீரம்மா எங்கம்மா, சிந்து. ஆளத் தூக்குன்னு கத்துனவன் நான்தான். அது நம்ம சிஸ்டம்னு, காலையில நீ அந்த ஸ்கிரீன் போட்டோவக் காட்டுனப்பதான் தெரிஞ்சுது. எங்கம்மாவுக்குக் கோவமே இல்லலா. "எங்கப்பா பேர ஒருத்தர் வாய்விட்டுக் கூப்பிட்டுக் கேட்டு எத்தன வருஷமாச்சு, அதான் கேட்டுக்கிட்டே உக்காந்துட்டேன்"னு சொல்லிட்டு ரசம் வைக்கப் போயிட்டாங்க. கத்துனது நான் மட்டும்தான்.