ஒரு பாடம் முன்னால் நடந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பாஸ்டர் லைல் அவர்களே, மகள்களோடு முன்வரிசையில் இருக்கும் வெர்ன் அவர்களே, இந்தத் தேவாலயக் கூடம் நிறைய வந்திருக்கும் பெற்றோர்களே, பிள்ளைகளே! நான் டார்லா கிரூப். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் நம் பதினொரு குடும்பங்களில் அதிகம் சண்டை போட்டவள் நான்தான். ஆர்லீன் வோண்ட்ரா அம்மையாரைப் புகழ்ந்து பேச இங்கே பலர் இருக்கிறீர்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

அவர் கண்மூடிய திங்கட்கிழமையிலிருந்து எல்லோரும் ஒன்றையே கேட்கிறீர்கள். அவர் நடத்திவந்த வியாழக்கிழமை லத்தீன் வகுப்பு இனி நடக்குமா? இரண்டு வீட்டில் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடலாமா என்றும் பேச்சு. லத்தீன் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டாரே என்கிறீர்கள். தெரிந்த ஆளா? யார் சொன்னது?

என் மகள் பெத்தனிக்கு எட்டு வயதிலும் வாசிக்க வரவில்லை. பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தேன். அப்போது ஆர்லீன் அம்மையார் தடித்த காகிதக் கோப்பு ஒன்றை என் கையில் திணித்தார். நூற்று நாற்பது வருடப் பழைய லத்தீன் இலக்கணம்! இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததை அவர் கணவர் வெர்ன் இதே தேவாலயத்து இயந்திரத்தில் அச்செடுத்திருந்தார்.

"இவ்வளவு பழசா?" என்றேன்.

"பழசுன்னா நல்லதுதானே? எழுதினவரும் போயாச்சு, அந்த மொழி பேசினவங்களும் போயாச்சு. யாரும் நம்மகிட்ட சண்டைக்கு வர மாட்டாங்க" என்றார். சண்டைக்கு நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார்!

அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்த புண்ணியவான், முதல் பாடத்தில் தன் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்திருந்தார். லத்தீனில் 'ம்' எழுத்துக்கு மூன்று கால், 'ன்' எழுத்துக்கு இரண்டு கால். விரல் ஒரு காலை மறைத்துவிட்டது. மேஜை என்ற சொல்லின் வேற்றுமை வடிவங்களை நம் பிள்ளைகள் ஒரு வருடம் முழுக்க "மென்சா, மென்சே, மென்சே, மென்சான்!" என்று முழங்கினார்கள். ஆண்டு விழாவில், இதே மேடையில், என் பெத்தனியின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. முன்வரிசையிலிருந்து ஒரு வயதான கத்தோலிக்கப் பாதிரியார் மெல்லக் கையைத் தூக்கினார். "கண்ணு, அது மென்சான் இல்லம்மா. மென்சாம்." கூட்டம் சிரித்தது. என் பிள்ளையின் முகம் சுருங்கியது.

வாசலில் வைத்து அம்மையாரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு லத்தீன் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாமலா ஒரு வருஷமா சொல்லிக் குடுத்தீங்க?"

"வியாழக்கிழமைப் பாடம் புதன்கிழமை வரைக்கும் எனக்கும் தெரியாது டார்லா. அவங்களுக்கு ஒரு பாடம் முன்னாடி போறேன். அவ்வளவுதான்."

"அதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா பெத்தனியை அனுப்பியிருப்பியா?"

வந்த கோபத்தில் மகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை ஆர்லீன் அம்மையார் வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்று, "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன், எனக்கும் இப்பதான் தெரியுது, வாங்க சேர்ந்து திருத்துவோம்" என்றாராம். தோழி சொல்லித் தெரிந்துகொண்ட பெத்தனி என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, ஸ்கூல்ல எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியாது. வியாழக்கிழமை வகுப்புல ஆர்லீன் டீச்சருக்கும் தெரியாதாம். நான் அங்கயே போறேன்."

எத்தனை பட்டம் பெற்றவரால் என் மகளுக்கு இந்தத் தைரியத்தைக் கொடுத்திருக்க முடியும்? ஐந்து வாரம் கழித்து அழைத்துப் போனேன். ஒரு சொல் குத்திக்காட்டவில்லை அந்த அம்மையார்! "உக்காரு, கொலாச்சி பன்னு சூடா இருக்கு" என்று தட்டை நீட்டினார். வாய் நிறையத் தின்றேனே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. நான்கு வருடம் தள்ளிப்போட்டேன். ஆர்லீன், என்னை மன்னித்துவிடுங்கள்.

நேற்று முன்தினம் வெர்ன், பிள்ளைகள் இப்போது படிக்கும் மூன்றாவது லத்தீன் புத்தகத்தின் கோப்பினை என்னிடம் தந்தார். முப்பத்தேழாம் பாடம் வரை ஓரமெல்லாம் ஆர்லீன் அம்மையாரின் பென்சில் குறிப்பு. எத்தனை அடித்தல், எத்தனை கேள்விக்குறி! முப்பத்தெட்டாம் பாடம் வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்த்து அழுதேன். பிறகு பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு வரி புரிந்தது. ஐந்தாவது வரியில் மாட்டிக்கொண்டேன். பெத்தனிதான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள்.

ஆர்லீன் அம்மையார் மேல் ஆணையாகச் சொல்கிறேன். வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு, இதே கூடத்தில், முப்பத்தெட்டாம் பாடம் நடக்கும். நடத்தப்போகிறவளுக்கு லத்தீன் தெரியாது. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளை அனுப்புவீர்களா?