மூணு சுத்து, சாய்வா ஒரு குத்து

ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும்னா, எதும்மா ஒண்ணு, எது பத்து? பத்துதான் ரொம்பக் கொடுமையா? சரி, அப்ப பத்துன்னே போட்டுக்குங்க. நாய்ச் சண்டை விடறது கொடுமையான்னு கேட்டா எவன் அஞ்சுன்னு சொல்லப்போறான்? காலையிலேருந்து எத்தனை பேரைக் கேட்டிருப்பீங்க? முப்பத்திரண்டா? எல்லாரும் பத்தா? பாத்தீங்களா. இந்தத் தெரு பூரா பத்துதான். அப்ப அந்தப் பழைய குடோன்ல ஞாயித்துக்கிழமையானா இருநூறு பேர் நின்னு கைதட்டினாங்களே, அவங்கல்லாம் எங்கேருந்தும்மா வந்தாங்க? ஆகாசத்துலேருந்து குதிச்சாங்களா?

முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல்ல இருக்கற துணியைத் தூக்கி இந்தப் பக்கம் போடுங்க. ஃபாரத்தை டேபிள் மேலயே வச்சு எழுதலாம், துணி வெட்டற டேபிள்தான், சாக்பீஸ் பொடி ஒட்டினா தட்டிவிட்டுக்கலாம். நான் கையை நிறுத்தாமப் பேசறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தச் சட்டையை இப்ப முடிச்சாகணும். நாளைக்குக் காலையில ஒருத்தர் இதைப் போட்டுக்கிட்டுதான் கோர்ட்டுக்குப் போகணும். என் சட்டை இல்லம்மா. என் உடம்புக்கு இதுல ஒரு கைதான் நுழையும்.

தொழிலா? டெய்லர்னு போடுங்க. இருபத்தாறு வருஷமா இதே கடைதான். பேரு இஷ்டமிருந்தா சொன்னாப் போதுமா? அப்ப அது இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.

ரெண்டாவது கேள்வி தண்டனையா. அபராதம், ஒரு வருஷம், அஞ்சு வருஷம், ஆயுசு பூரா. கீழ என்ன அது, மற்றவைன்னு ஒரு கோடு போட்டிருக்கு? அதுல நிறைய பேர் நிறைய எழுதியிருப்பாங்களே. கட்டிப்போட்டு நாயை ஏவிவிடணும்னு எழுதினாங்களா? அட, நான் சும்மா கேட்டேன். யாருன்னு சொல்லக்கூடாதா? சொல்லாதீங்க. எனக்குத் தெரியாதா என்ன.

ஒண்ணு சொல்றேன், ஃபாரத்துல எழுதாதீங்க. போன வருஷம் ஒருத்தர் புத்தம்புது பேன்ட்டைக் கொண்டாந்து, கீழ நாலு விரக்கடை வெட்டிடுங்கன்னார். அளவு சரியாத்தானே இருக்கு, வெட்டினா கணுக்கால் தெரியுமேன்னேன். தெரிஞ்சாத் தெரியட்டும்னார். மடிப்பைப் பிரிச்சுப் பாக்கறேன், உள்பக்கம் பூரா புள்ளி புள்ளியா ரத்தம். துவைச்சிருக்கார், போகலை. முன் வரிசையில நின்னு வேடிக்கை பாத்திருக்கார் மனுஷன். நானும் ஒண்ணும் கேக்காம வெட்டித் தைச்சுக் குடுத்துட்டேன். போன வாரம் ஊர்வலம் போனாங்க இல்ல, தூக்குல போடு தூக்குல போடுன்னு? முதல் வரிசையில யாரு? அவர்தான். அதே பேன்ட். கணுக்கால் நல்லாத் தெரிஞ்சுது.

சிரிக்கறீங்க. சிரிங்க. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இல்ல.

மூணாவது என்ன? குற்றம் சாட்டப்பட்டவரை உங்களுக்குத் தெரியுமா. தெரியும்னு போடுங்க. எப்படித் தெரியும்னா, என் தங்கச்சி வீட்டுக்காரர்.

அட, எதுக்கு எந்திரிக்கறீங்க? உக்காருங்கம்மா. கேட்டீங்க, சொன்னேன். நீங்க ஒண்ணும் தப்பாக் கேக்கலை. குடோனை வாடகைக்கு எடுத்தது, நாய் வளர்த்தது, சண்டை விட்டது எல்லாம் அவர்தான். அவர்னு சொல்றேனேன்னு பாக்காதீங்க, மாப்பிள்ளைன்னா அப்படித்தான் வாய் பழகிக்கிடக்கு. மூணு வாரம் முன்னாடி போலீஸ் போச்சு, ஒம்பது நாயைப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. அன்னைக்குக் கல்லெறிஞ்சதுலேருந்து தங்கச்சி வீட்டுல ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல. அட்டை ஒட்டி வச்சிருக்கா. அவ பொண்ணுகூட ஒரே பெஞ்சுல உக்காந்த புள்ளைங்க இடம் மாத்தி உக்காந்துக்கிச்சாம். அந்தப் பொண்ணு எந்த நாயைக் கடிச்சுது?

இல்ல இல்ல, அவருக்குத் தண்டனை வேண்டாம்னு நான் சொல்லலை. வேணும். உள்ள இருக்கட்டும். அஞ்சு வருஷம்னு டிக் பண்ணிக்குங்க. தங்கச்சி கேட்டா என் மூஞ்சியில முழிக்கமாட்டா. பரவால்ல, டிக் பண்ணுங்க. ஆனா நாயை ஏவிவிடறது, கட்டிவச்சு அடிக்கறது, அதெல்லாம் வேண்டாம்மா. அதையும் பாக்க அதே இருநூறு பேர் வந்து நிப்பாங்க. கைதட்டுவாங்க. குடோன்ல நடந்ததுக்கும் அதுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

ஃபேனைப் போடவா? வேர்க்குதே உங்களுக்கு. இருங்க, இந்த நியூஸ் பேப்பர் பறக்கும், அதுமேல இஸ்திரிப் பெட்டியை வச்சுக்கறேன்.

வேடிக்கை பாத்தவங்களையும் தண்டிக்கணுமாங்கறது நாலாவதா? இதுக்கு எல்லாரும் வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க, சரிதானா? உங்க மூஞ்சியே சொல்லுதே. நான் வேணும்னு சொல்றேன். எவ்வளவுன்னு தெரியாது. குறைஞ்சபட்சம் அந்த நாயைக் குளிப்பாட்டிக் கட்டுப்போடற வேலையாவது குடுக்கணும். பக்கத்துல போய்த் தொட்டுப் பாக்கட்டும். தூரத்துல நிக்கறவனுக்கு அது சண்டை. பக்கத்துல வந்தாதான் அது நாய்.

அஞ்சாவது. குடுங்க, நானே படிக்கறேன். காயம்பட்ட விலங்குகளுக்கு ரகசியமாகச் சிகிச்சை அளித்து மீண்டும் சண்டைக்கு அனுப்ப உதவியவர்களுக்கு என்ன தண்டனை அளிக்கலாம். ம். இதை அந்தக் கம்பவுண்டரை மனசுல வச்சுதான் போட்டிருக்காங்க. தெரியுமில்ல உங்களுக்கு? எதிர்ச்சாரியில, ஜன்னல் உடைஞ்ச மாடி வீடு. கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். தெருநாய்க்கெல்லாம் சோறு வைப்பார். எங்கயாவது காக்கா இறக்கை ஒடிஞ்சு விழுந்தாக்கூட அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க.

பேப்பர்க்காரன் எழுதினான். பிடிபட்ட நாய்ங்க உடம்புல பழைய தையல் இருக்கு, நேர்த்தியான தையல், தொழில் தெரிஞ்ச கைதான் போட்டிருக்கணும்னு. நேர்த்தியான தையலாம். உடனே எல்லாரும் யாருடா அந்த டாக்டர்னு தேட ஆரம்பிச்சாங்க. ஊர்ல இருக்கற டாக்டருங்கல்லாம் பெரிய இடம். இவர்தான் கைக்கு எட்டினார். வீட்டுல ஊசி இருந்துச்சு, நூல் இருந்துச்சு, மருந்து இருந்துச்சு. முப்பது வருஷம் அந்த வேலை பாத்தவன் வீட்டுல பின்ன என்ன இருக்கும், வயலினா? அஞ்சு நாளைக்கு முன்னாடி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. போலீஸ் வர்றதுக்குள்ள நம்ம ஜனங்க ஒரு சாத்து சாத்திட்டாங்க. ஸ்கூட்டரைக் கொளுத்தினாங்க. காலரைப் பிடிச்சு மாடியிலேருந்து இழுத்துக்கிட்டு வந்தாங்க. நான் இதோ, இந்த மிஷின்ல உக்காந்திருந்தேன். எல்லாம் பாத்தேன்.

ஆமாம்மா. அந்தச் சட்டைதான் இது. அவரோட நல்ல சட்டை இது ஒண்ணுதான். இழுத்ததுல காலர்கிட்ட ரெண்டு பட்டன் துணியோட பிஞ்சு வந்துருச்சு. அவர் சம்சாரம் ஸ்டேஷன்ல மாத்துச் சட்டை குடுத்துட்டு, இதை வாங்கிக் காலையில கொண்டாந்தாங்க. கோர்ட்டுக்கு இதைப் போட்டுக்கிட்டுப் போகட்டும், கிழிசலோட நிக்க வேண்டாம்னு சொன்னாங்க. அழலை. அழுதிருந்தாக்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். எவ்வளவு ஆகும்னு கேட்டாங்க, அவ்வளவுதான். அடியில ஒரு துண்டு வச்சு ஒட்டுப்போட்டுட்டேன், இன்னும் இந்த ஒரு பட்டன்தான்.

அவர் செஞ்சிருப்பாரான்னா கேக்கறீங்க?

அவர் கை நடுங்கும்மா. ஆறு வருஷமாச்சு. டீ கிளாஸைப் பிடிச்சார்னா பாதி கிளாஸ்ல, பாதி தரையில. பட்டன் அறுந்துபோனா இங்கதான் வருவார். நாயோட இறக்கையைக்கூட இந்தக் கையால தைச்சிருக்கேன், இப்ப என் பட்டனைத் தைக்க ஆள் வேண்டியிருக்குன்னுவார். நாய்க்கு ஏதுங்க இறக்கைன்னு நான் கேப்பேன். அதுக்கே அரைமணி நேரம் சிரிப்பார். ஊசியில நூல் கோக்க முடியாத கை அது. அந்தக் கை போய் அப்படி ஒரு தையல் போடுமா?

போலீஸ்ல சொல்லலாமேன்னா, சொல்லலாம். அஞ்சு நாளா அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். போய் நின்னு, ஐயா, அவர் கை நடுங்கும், அவரா இருக்காதுன்னு சொன்னா, அடுத்த கேள்வி என்ன கேப்பாங்க? அப்ப யாருன்னு கேப்பாங்க இல்ல?

ஆ, முடிஞ்சுது. இங்க வாங்க, இதைப் பாருங்க. பட்டனுக்கு அடியில. நான் கடைசியில முடிச்சுப் போடமாட்டேன், முடிச்சு உறுத்தும். மூணு சுத்து சுத்தி, சாய்வா ஒரு குத்து. அவ்வளவுதான், இழுத்தாலும் வராது. பழக்கமாயிருச்சு, கண்ணை மூடிக்கிட்டுக் கொக்கி வச்சாலும் கை அப்படித்தான் போகும். இப்ப அந்த இஸ்திரிப் பெட்டியை நகர்த்துங்க. அந்தப் பேப்பர்தான். அதுல நாயோட தோள்பட்டையைப் பெரிசு பண்ணிப் போட்டிருக்கான் பாருங்க. தையல் முடியற இடத்தைப் பாருங்க.

ஆமா. எண்ணிக்குங்க, மூணு.

ஊரே பாத்த போட்டோம்மா அது. எல்லாரும் டாக்டரைத் தேடினாங்களே ஒழிய, ஒருத்தனுக்கும் டெய்லர் ஞாபகம் வரலை பாருங்க.

பயப்படாதீங்க, கத்தரிக்கோலைக் கீழதான் வைக்கறேன். முதல் தடவை ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். கடை லீவு, நான் பாதி ஷட்டரை இறக்கிட்டுக் கொஞ்சம் பாக்கி வேலை பாத்துக்கிட்டிருந்தேன். மாப்பிள்ளை ஒரு கோணியில சுத்தித் தூக்கிட்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா கேள்வி கேப்பாங்க, ரெண்டே ரெண்டு தையல், உங்களுக்குத் தெரியாததான்னார். பொட்டை நாய், செம்மண் கலரு. தோள் பிளந்து கிடக்கு. என்னைப் பாக்குது. நான் என்னம்மா பண்ணுவேன்? போய்யான்னு அனுப்பியிருந்தா அப்படியே வழியில செத்திருக்கும். மனசு கேக்கலை. இந்த டேபிள்லதான் போட்டுத் தைச்சேன். நீங்க இப்பக் கை வச்சிருக்கீங்களே, அங்கதான் தலையை வச்சிருந்துச்சு. நான் ஊசி குத்தக் குத்த என் மணிக்கட்டை நக்கிக்கிட்டே இருந்துச்சு. கடிக்கலை.

பொழைச்சுக்கிச்சு. எனக்கு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீட்டுல போய் ரெண்டு நாள் அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். ஒண்ணரை மாசம் கழிச்சு மறுபடி கொண்டாந்தார். அதே நாய், இந்தத் தடவை காது, தொடை. கூட இன்னொண்ணு. திட்டினேன். திட்டிக்கிட்டே தைச்சேன். இப்படியே எத்தனையோ நாய். அந்தச் செம்மண் நாய் மூணாவது தடவை வந்தப்ப, தூக்கிவிடக்கூட வேண்டியிருக்கலம்மா. ஷட்டருக்கு அடியில நொண்டிக்கிட்டு வந்து, தானா டேபிள்மேல ஏறிப் படுத்துக்கிச்சு. சரியாகப்போகுதுன்னு நினைச்சுக்கிச்சு. என்கிட்ட வந்தா வலி போயிரும்னு நம்பிருச்சு.

நாலாவது தடவை அதைக் கொண்டுவரலை. நானும் கேக்கலை.

இரக்கப்பட்டுதான் தைச்சேன், சத்தியமா. ஆனா நான் தைச்சதாலதான் அது திரும்பத் திரும்ப உள்ள போச்சு. நான் தைக்காம இருந்திருந்தா செத்திருக்கும். ஒரு தடவைதான் செத்திருக்கும். இதுக்கு உங்க ஃபாரத்துல ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எந்த நம்பர் வரும்னு நீங்க வந்ததுலேருந்து நானும் பாக்கறேன்.

மாப்பிள்ளை இன்னும் என் பேரைச் சொல்லலை. அதை ஒரு உபகாரமா நினைச்சு வாயை மூடிக்கிட்டு இருங்கண்ணேன்னு தங்கச்சி சொல்றா. நானும் மூடிக்கிட்டுதான் இருந்தேன். இந்தச் சட்டை வர்ற வரைக்கும்.

அஞ்சாவதுக்கு நம்பரும் வேண்டாம், வருஷமும் வேண்டாம், காலியா விடுங்க. அதை அங்க அவங்க எழுதிக்கட்டும். ஒரே ஒரு நிமிஷம் இருங்க, சட்டையைத் தேய்ச்சுடறேன். ஸ்டேஷனுக்கு நானே எடுத்துட்டுப் போறேன். அவர் வெளியில வர்றப்ப மடிப்புக் கலையாமப் போட்டுக்கிட்டு வரட்டும். அவர் சம்சாரம் வந்தா கடை ஏன் பூட்டியிருக்குன்னு கேப்பாங்க, நீங்க இந்தத் தெருவுலதானே இன்னும் சுத்துவீங்க, சட்டை போயிருச்சுன்னு மட்டும் சொல்லிருங்க. கூலி ஒண்ணும் இல்லன்னும் சொல்லிருங்க.

அந்த ஃபாரத்தை இப்படித் திருப்புங்க. பேனாவைக் குடுங்க. மேல முதல் கோடு பேருக்குத்தானே? இஷ்டமிருந்தா எழுதலாம்னீங்க இல்ல. எழுதறேன்.