வேங்கை அடிக்கட்டை

நான் நம்பலீங்க. நாப்பது வருசத்துக்கு மேலயே அந்தக் கதைய நான் நம்பல. நீங்க இப்ப உங்க பாரஸ்ட் பொஸ்தகத்தப் பாத்து, காத்துல சாஞ்ச மரம்னு படிச்சீங்க பாருங்க, அதான் கெளறி வுட்டுடுச்சி. டேப்ப ஒழுங்காப் புடிங்க சார். மார்பு ஒசரத்துல சுத்தளவுன்னு போட்டிருக்குதே, யாரு மார்பு? உங்களுதா, என்னுதா? நாலரை அடின்னு சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா? படிச்சவங்க வேல.

எங்கப்பன் மாயவன் அப்பிடித்தான் செத்தாராம். எனக்கு அப்ப பத்து வயசு. கரியாலூருக்கு மேல எங்க தெனக்கொல்ல. அதும் ஓரத்துல ஒரு வேங்க மரம். காத்துல அது சாஞ்சி கீழ நின்ன ஆளு மேல வுழுந்துச்சாம். சொன்னது சக்கரவர்த்தி மாமா, எங்கம்மா கூடப் பொறந்தவரு. கூட இருந்தது அவரு ஒருத்தருதான்.

ஊரு நம்புச்சி. ஏன்னா இங்க மரம் வெட்டறவன் அது சாயறதுக்கு முன்னாடி மூணு தபா கூவணும். திருட்டு வெட்டா இருந்தாலும் கூவுவான். பாரஸ்ட் வாச்சர் புடிச்சா ஆறு மாசம் ஜெயிலுதான, ஆளு போனா வருமா? அன்னிக்கு எங்கம்மா பாவாயி ஓடைல இருந்துச்சி. மரம் வுழுந்த சத்தம் கேட்டுச்சாம், கூவுன சத்தம் கேக்கலையாம். அப்ப காத்துதான்னு முடிச்சிட்டாங்க.

காத்தாம். கொல்லைல ஒரு தெனக் கதிரு சாயல சார். பக்கத்து மரத்த வுட்டுட்டு வேங்கய மட்டும் தேடினு வந்த காத்து.

அப்பறம் இருவத்தஞ்சு வயசுல உங்க ஆளுங்க கிட்ட தெனக்கூலி. காட்டுல வெட்டுன மரத்தோட அடிக்கட்ட எண்ற வேல. அதுலதான் கத்துக்கினேன். காத்து சாச்சா மரம் வேரோட பேந்து வரும், இல்ல நாரு நாராக் கிழியும். கோடாலி போட்டா கட்ட நிக்கும். மரம் சாயணும்ற பக்கம் மொதல்ல வாய் மாதிரி ஒரு வெட்டு வெட்டுவான். அன்னிக்கே கொல்லைக்குப் போயி, மாமா அது மேல குமிச்சி வெச்சிருந்த கல்லத் தள்ளுனேன். கட்ட நிக்குது. இடுக்குல அஞ்சாறு கெள தழைச்சி வந்திருக்குது. வாய் வெட்டு எங்க கொல்லயப் பாத்து, எங்கப்பன் நின்ன பக்கம்.

கேட்டியான்றீங்களா? எங்க கேட்டேன். அதுக்குள்ள அவரு பொண்ணு வெள்ளச்சியக் கட்டிக்கினு கையில புள்ள. அப்பன் போனப்பறம் எங்களுக்குக் கேவுரு குடுத்ததும் அவருதான். மரத்தப் படிக்கத் தெரிஞ்ச பெரிய மனுசன் நானு, முப்பது வருசம் அவரு பக்கத்துல ஒக்காந்து களி தின்னுக்கினு இருந்தேன். உங்கள நக்கல் பண்றனே, என்ன வுட மட்டமான ஆளு இந்த மலைல கெடையாது.

எழுதிக்கினீங்களா? இந்த மரம் சுத்தளவு நூத்தி நாப்பது சென்டி.

போன வாரம் அவருக்கு மூச்சு இழுத்துக்கினு கெடந்துச்சி. வெள்ளச்சி தண்ணிக்குப் போயிருந்தா. கிட்ட போயி குனிஞ்சேன். வெட்டுனியான்னு கேக்கல, அத கட்டையே சொல்லிடுச்சி. கட்டைக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணு. அதத்தான் கேட்டேன்.

மாமா, அன்னிக்கு ஏன் கூவல?