டாங்கி இல்லாத டாங்கிப் படை

புத்தூரில் திருப்பதி பஸ்ஸுக்கு நின்ற வரிசை முழுக்க, ஊர் ஆந்திராவுக்குப் போகுமா, சென்னை ராஜ்யத்திலேயே இருக்குமா என்றே பேச்சு. எனக்கு முன்னால் மட்டும், லீவில் வந்த சிப்பாய் ஒருவன் தன் மச்சானிடம் குதிக்காத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“எங்க குதிரைப் படைய டாங்கிப் படையா மாத்திட்டாங்க மச்சான்!”

“அப்போ டாங்கி ஓட்றியா?”

“வாங்கறதுக்கு சர்க்காராண்ட துட்டு இல்ல. நாலு பேரு கயித்த சுத்திப் புடிச்சிகினு ஓடுவோம். அதான் டாங்கி!”

“அய்ய!”

“நிறுத்துன்னாங்க. பழக்கதோஷத்துல கடிவாளம் மாதிரி இழுத்துட்டேன். டாங்கியே கவுந்துடுச்சி!”

வரிசையே திரும்பிச் சிரித்தது.

“நெசமா சண்டை வந்துட்டா?”

“அதுக்குத்தான் மொட்டை போடப் போறேன். எதிராளியும் கயித்த புடிச்சிகினே வரணும்னு வேண்டிக்கினு கீறேன்.”