மேட்டு மண் போட்ட பாகு

இரவுத் தொழுகை முடிந்து ஊரே கதவடைத்த நேரம். ஏரிக்கரைச் சாலை. ஒரு மனிதன், ஒரு கழுதை, ஒரு காலிச் சாக்கு… வேறு ஈ காக்கை இல்லை.

போனவன் செலாமி. நம் தபால்கார ரெம்ஸிக்கு மைத்துனன். ரெம்ஸி வாயைத் திறந்தால் பாதி புளுகுதான். ஆனால் இதை என்னிடம் சொன்ன அன்று அவன் தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை. அதனால் நம்புகிறேன். அடுப்பில் இன்னொரு கட்டை வையுங்கள். எல்லாரும் சாப்பிட்டாயிற்றுதானே? நல்லது, இதைக் கேட்டபின் இறங்காது.

செலாமியின் மனைவி நூர்ஹான் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். ரத்தம் நிறையப் போய்விட்டது. உதடு வெளுத்து, கண் உள்ளே போய், எழுந்து உட்காரவும் திராணியில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் புதுத் திராட்சைப் பாகு கொடுத்தால் ரத்தம் ஊறும், இது நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? செலாமி தன்னிடம் இருந்த திராட்சை மொத்தத்தையும் பகலிலேயே மிதித்துச் சாறு எடுத்துவிட்டான். கொப்பரை நிறைந்துவிட்டது. அதற்கப்புறம்தான் பார்க்கிறான், சாற்றில் போட வெள்ளை மண் இல்லை.

மண் போட்டால்தான் புளிப்பு நுரைத்து அடங்கும். போடாமல் காய்ச்சினால் நாக்கு பிய்ந்துவிடும். விடியும்வரை வைத்தால் சாறு புளித்து மதுவாகிவிடும். மண் எடுக்கிற குழியோ மலைமேல் இருக்கிறது, போய்வரப் பொழுது விடிந்துவிடும்.

ஆனால் ஏரிக்கரையில் வெள்ளை வெளேரென்று ஒரு மேடு இருக்கிறதே! அரசாங்கம் கம்பி வேலி போட்டு வைத்த மேடு. நம் ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருவதற்கு முன்னால் இருந்தவர்கள் அதற்குள் புதைந்து கிடக்கிறார்கள். ஊருக்கே தெரியும், செலாமிக்கும் தெரியும். மண்ணுக்கு மண் என்ன வித்தியாசம் என்று வேலிக்குள் புகுந்துவிட்டான். சோம்பேறிப் பயல். நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

சரக்… சரக்… மாவு மாதிரி வந்தது மண். ஓரிடத்தில் மண்வெட்டி 'நொறுக்'கென்றது. முட்டை ஓடு உடைகிற சத்தம். அவன் குனிந்து பார்க்கவில்லை. குழியிலிருந்து ஒரு வாடை எழுந்தது… ஈரக் கம்பளியும் திரிந்த பாலும் சேர்ந்தாற்போல. கழுதை மட்டும் சாக்கை ஆசையாக நக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஜெவ்ரியே அத்தை அடுப்பு எரித்தாள். மண்ணைக் கொட்டியதும் வெள்ளை நுரை வரவேண்டும். வந்தது சாம்பல் நிறம். மேலே தோல் மாதிரி ஆடை கட்டி, கரண்டியில் நூல் நூலாகத் தொங்கியது.

"என்னடா இது, செத்த எலிய போட்டுட்டியா?"

"பழைய மண்ணு அத்தே, நமுத்துப்போச்சு."

அடங்கித் தெளிந்தபோது நாற்றமெல்லாம் போய்விட்டது. தெளிந்ததை மட்டும் இறுத்து மறுபடி காய்ச்சினார்கள். செக்கச் சிவந்த பாகு. அப்படியொரு இனிப்பை ஜெவ்ரியே தன் ஆயுளில் கண்டதில்லையாம். ஒரு கிண்ணம் முழுதும் குடித்தாள். செலாமி இரண்டு கிண்ணம். நூர்ஹான் கிண்ணத்தை விட்டுவிட்டு, சட்டிக்குள் கையை விட்டு வழித்து வழித்துத் தின்றாள். விடிவதற்குள் அவள் கன்னத்தில் ரத்தம் ஏறிவிட்டது. செலாமி சந்தோஷத்தில் அழுதானாம்.

காலையில் மண்டியைக் கொட்டப் போனான். கொப்பரையின் அடியை வழித்தபோது விரலில் ஏதோ சுற்றியது. முடி… பூனைக்குட்டியின் முடிபோல மெல்லிசு. அப்புறம் நகங்கள், குருணை அரிசி அளவு. அப்புறம் ஒரு எலும்பு. புறாவுடையது போல் சின்னது, வளைந்தது, நன்றாக வெந்து வழவழவென்று இருந்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஓடி வாந்தி எடுத்தான். வாந்தியும் இனித்தது. அதுதான் கொடுமை. வாயைக் கழுவக் கழுவ இனித்தது.

உள்ளே வந்தால் தொட்டிலில் பிள்ளை வீறிட்டு அழுகிறது. நூர்ஹான் சுவர்ப்பக்கம் திரும்பி விரலை நக்கிக்கொண்டிருக்கிறாள்.

"நூர்ஹான், புள்ள அழுவுது பாரு."

"அது யாரு புள்ள?"

"நம்ம புள்ளடி!"

அவள் திரும்பினாள். முகத்தில் கோபமில்லை. "எம் புள்ள என் பக்கத்துல மண்ணுக்குள்ள தூங்கிட்டிருந்தான். நீங்கதான் எடுத்துட்டு வந்து காய்ச்சிட்டீங்க."

அவள் எழுந்து வந்து செலாமியின் வயிற்றில் கையை வைத்தாள். எத்தனை நாளாக எழ முடியாமல் கிடந்தவள்!

"பரவால்ல. வெளிய குளிரு. இங்க வெதுவெதுன்னு இருக்கான்."

மத்தியானம் ஜெவ்ரியே ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள். நூர்ஹான் அவளையும் கட்டிக்கொண்டு வயிற்றில் காதை வைத்தாள். "அத்தே, உங்ககிட்டயும் கொஞ்சம் இருக்கான்." சூப்புச் சட்டி கீழே விழுந்து உடைந்தது. செலாமி நடந்ததைச் சொன்னதும் ஜெவ்ரியே, அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்தான். அதை அவள்தான் வளர்த்தாள். பெற்றவள் ஒருநாளும் கேட்டு வரவில்லை.

செலாமி அன்று ஒரு வாய்ச் சோறும் தின்னவில்லை. உள்ளே ஒன்றும் தங்கக்கூடாது என்று உப்புநீரைக் குடித்துக் குடித்து வாந்தி எடுத்தான். கடைசியில் வெறும் பித்தம்தான் வந்தது. ராத்திரி மல்லாந்து கிடந்தான். நூர்ஹான் அவன் சட்டையைத் தூக்கி, வயிற்றில் காதை வைத்துப் படுத்தாள். எந்த ஊர்ப் பேச்சென்று தெரியாத ஒரு தாலாட்டை முணுமுணுத்தாள்.

"நான் எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டேன், நூர்ஹான். உள்ள ஒண்ணுமில்ல."

"மெதுவா பேசுங்க. முழிச்சுக்குவான்."

விரல் நுனியால் அவன் தொப்புளுக்கு மேலே இரண்டு தடவை தட்டினாள்.

உள்ளேயிருந்து, தோலைத் தள்ளிக்கொண்டு, ஒரு சின்னக் குதிகால் இரண்டு தடவை திருப்பி உதைத்தது.