கனத்த கை

புதிதாக வாங்கிவந்த தங்கமீனுக்கு முதல் ஓரிரு நாள் தீனி போடக் கூடாது. வாங்கிப் போகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. வீட்டுக்குப் போனதும் தூவுகிறார்கள். மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஐயோ பாவம் என்று இன்னும் தூவுகிறார்கள். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. போதும் என்று அதற்குத் தெரியாது. அது கேட்கிறதே என்று போட்டுக்கொண்டே இருந்தால் செத்துப்போகும்.

இது சீனாவில் எங்கள் ஃபூசோ பக்கத்தில் மீன் வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் ஒரு பண்ணையில் முப்பது வருஷத்துக்கு மேல் கூலிக்கு இருந்தேன். குளம் கழுவுவேன், மீனுக்குத் தீனியாக ஓடையில் நீர்ப்பூச்சி அரித்துக்கொண்டு வருவேன், குஞ்சு கழிப்பேன். கழிப்பது என்றால், முதுகு சரியாக வளையாதது, வால் ஒரு பக்கம் சாய்ந்தது எல்லாவற்றையும் பீங்கான் கரண்டியால் எடுத்து வாளியில் போடுவது. பெரும்பாலும் வாளிக்குத்தான் போகும். அதில் கொடுமை ஒன்றும் இல்லை. மிஞ்சுவதற்கு இடம் வேண்டும்.

என் மருமகள் யூசினுக்கு நான் மீன் கொண்டுவந்து கொடுத்தது லிச்சி பழுக்கிற காலத்தில். என் மகன் பொவென் அமெரிக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறான். அவளை அங்கே வரச்சொல்லி எல்லா ஏற்பாடும் செய்துவிட்டான். எங்கள் தெருவில் அப்படிப் போகிறவர்கள் பிள்ளையை இங்கே விட்டுவிட்டுத்தான் போவார்கள். அங்கே போய்ப் பெற்றதைக்கூடப் பால் மறக்கும் முன்னால் இங்கே அனுப்பிவிடுவார்கள். எந்த வீட்டை எட்டிப் பார்த்தாலும் ஒரு கிழமும் ஒரு குழந்தையும்தான் இருக்கும். யூசின் மட்டும், என் பேரன் ருய்யைக் கையோடு கூட்டிக்கொண்டு போவேன் என்றாள். அவனுக்கு அப்போது மூன்று வயது. என் பக்கத்தில்தான் படுப்பான். என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான்.

நான் சண்டை போடவில்லை. ஒத்தாசைக்கு ஆளில்லாத ஊரில் பிள்ளை வளர்க்கப் போகிறாய், அதற்கு முன்னால் இதை வளர்த்துப் பார், கை பழகட்டும் என்றுதான் சொன்னேன். நல்ல மீன் அது. தலையில் சிவப்பாகக் கிரீடம் கட்டத் தொடங்கியிருந்தது.

யூசின் நன்றாகத்தான் வளர்த்தாள். அதை மறைக்க வேண்டியதில்லை. தண்ணீரைப் பிடித்து வெயிலில் ஒரு நாள் வைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவாள். நீர்ப்பூச்சியை அலசி அலசிப் போடுவாள். மடியில் ருய்யை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பண்ணையில் அவளை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு காலையில் அவள் சந்தைக்குப் போயிருந்தபோது, காய்ந்த தீனியை இரண்டு கை அள்ளிப் போட்டேன். மீன் எல்லாவற்றையும் தின்றது. காய்ந்த தீனி உள்ளே போய்த்தான் ஊறும். மறுநாள் மீன் வயிறு மேலே தெரிய மிதந்தது.

யூசின் ரொம்ப அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். "உன் மேல தப்பு இல்லம்மா. பாசம் ஜாஸ்தி உனக்கு. பாசக்காரி கை கனமா விழும்."

இரண்டாவது மீன் கொடுத்தேன். அதற்கும் அப்படியே செய்தேன். எதிர்வீட்டு குவோ அம்மா வாசலில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். "என்னடி யூசின், மறுபடியுமா? தெருப்பூனையெல்லாம் உன் வீட்டுக்கே குடிவந்துடப் போகுது, பாத்துக்க" என்றாள். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். யூசினும் கூடச் சிரித்தாள். அன்று ருய்க்குக் கஞ்சி ஊட்டும்போது கரண்டியைப் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்து, இது போதுமா மாமா என்று கேட்டாள். போதும் என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் மீதியை நான் ஊட்டினேன். அதற்கப்புறம் தினமும் அப்படித்தான்.

மூன்றாவது மீனை நான் தொடவே இல்லை. அவளே பயந்து பயந்து போட்டாள். நாளுக்கு ஒரு சிட்டிகை, பிறகு அதிலும் பாதி. மீனுக்குத் தலை பெரிதாகவும் உடம்பு நூலாகவும் ஆகிக்கொண்டு வந்தது. பண்ணையில் இருந்தவன் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான், அது பசி என்று.

"கேக்குதே மாமா. பாக்கவே பாவமா இருக்கு."

"கேக்கத்தான் செய்யும். கேக்கறதெல்லாம் பசி இல்ல. நீ அந்தப் பக்கம் பாக்காத. இப்பத்தான் உனக்குக் கை வந்திருக்கு."

அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்த மாதிரி நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

குளிர் தொடங்கும்போது அதுவும் போய்விட்டது. இந்தத் தடவை அவள் அழவில்லை. தன் பெட்டியைத் திறந்து ருய்யின் சட்டைகளை எடுத்து, மடித்து, என் அலமாரியில் வைத்தாள். "அவன் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா" என்றாள். நான் வற்புறுத்தவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அங்கே போன பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. இங்கே அனுப்பிவிடு, பார்த்துக்கொள்கிறேன் என்று நானேதான் சொன்னேன். கொண்டுவர ஆள் அமையவில்லை. பொவென் வேறு ஊரில், கடையிலேயே படுத்து எழுந்து வேலை பார்த்தான். எப்போதாவது வருவான், வரும்போது குழந்தை போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். யூசின் எனக்குப் போன் போடுவாள். பாலைக் குடித்துவிட்டு இன்னும் கேட்கிறது மாமா, கொடுக்கவா என்பாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்கும். கொடு என்று சொல்லலாம். சொன்னால், அப்படியானால் மீனுக்கு மட்டும் ஏன் கூடாது என்றீர்கள் என்று யோசிக்கத் தொடங்குவாள். அவள் யோசிக்கிறவள்.

"உனக்குத் தெரியாததா? உனக்குத்தான் கை வந்துடுச்சே" என்றேன்.

போகப் போகப் பின்னால் கேட்ட அழுகை மெலிந்துகொண்டு வந்தது. குழந்தை ஐந்தாம் மாதத்தில் இறந்துபோனது. பிறந்தபோது இருந்த எடைகூட இல்லை என்று பொவென் சொன்னான். பட்டினி போட்டுக் கொன்றாள் என்று யூசினைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் அங்கே வழக்கை விசாரிக்கிறவர்கள் ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு தெரிந்த பெண். மாமனார்தான் அளவு சொல்லிக்கொடுத்தார் என்று யூசின் சொல்கிறாளாம், உண்மையா என்று கேட்டாள். அப்படி யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அவளை விட்டுவிடக்கூடும் என்றும் சொன்னாள். விட்டால் யூசின் இங்கே வராமல் வேறு எங்கே போவாள்? ருய் என் மடியில் உட்கார்ந்து மீன் உருண்டை தின்றுகொண்டிருந்தான். இப்போது நன்றாகச் சதை போட்டிருக்கிறான்.

"நல்ல பொண்ணும்மா. நான் குறை சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா அவ கையில எதுவும் தங்காது. இங்க இருக்கும்போதே மூணு மீன் செத்துச்சு. தெருவே பாத்துது, கேட்டுப் பாருங்க."

குவோ அம்மாவும் ஆமாம் என்றாள். அந்தப் பெண் எழுதி நீட்டிய தாளில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். நாற்பது வயதுக்கு மேல் கற்ற எழுத்து. கோணலாக இருந்தாலும் படிக்க வரும்.

அதில் பொய் எதுவும் இல்லை. மூன்றும் அவள் தொட்டியில்தான் செத்தன.