லைசென்ஸ் உள்ள கை

— முதல்ல அட்டையைக் காட்டுங்க சார். அப்புறம்தான் உள்ள விடுவேன்.

— சாரா? நோரீன், இதே வீட்டுல உன்கூடப் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டினவன் நான்.

— அப்பவே கேட்டிருக்கணும், விட்டுட்டேன். பிளம்பர் லைசென்ஸ், இன்சூரன்ஸ் பேப்பர். ரெண்டும் இருக்கா இல்லையா?

— இந்தா தாயே. போட்டோவையும் பார்த்துக்கோ. அதே மூஞ்சிதான், முடிதான் கொஞ்சம் கொட்டிப்போச்சு.

— கிளைட் வெப்ஸ்டர். ம்ம். தேதி முடியல. இன்சூரன்ஸும் நடப்புல இருக்கு. பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க.

— எதுக்கு இவ்வளவு கெடுபிடி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சும்மாவே வந்து செஞ்சிட்டுப் போயிருப்பேனே. ஒரு பெட்டி பீர் வாங்கி வெச்சிருந்தா போதாதா?

— சும்மா செய்யற வேலையை நீங்க எப்போ செஞ்சு முடிச்சிருக்கீங்க? ஊர்ல எல்லார் வீட்டுக் குழாய் ஒழுகலையும் அடைச்சீங்க. நம்ம சமையலறைக் குழாய் மட்டும் விவாகரத்து ஆகற வரைக்கும் சொட்டிட்டே இருந்துச்சு.

— அது ஒரு சின்ன வாஷர். அடுத்த வாரம் மாத்திடலாம்னு இருந்தேன்.

— அந்த அடுத்த வாரத்தை நான் நிறையப் பார்த்துட்டேன் சார். இந்தத் தடவை எவ்வளவு ஆகும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் சுத்தியலை எடுக்கணும். பீருக்குச் செய்யறதுன்னா பக்கத்து வீட்டு நார்ம்கூடச் செஞ்சு தரேன்னான்.

— நார்மா? பப்ல அவன் போட்ட டைல்ஸ், நாம நடந்தா கூடவே வருது.

— அதான் வேணாம்னுட்டேன். லாங்ரீச் ஊர்ல இருக்கற பிளம்பர் அடுத்த மாசம்தான் வர முடியுமாம். வேற வழியில்லாமத்தான் உங்களைக் கூப்பிட்டேன். உடனே உச்சி குளிர்ந்துடாதீங்க.

— குளிரல, குளிரல. என்ன வேலைன்னு சொல்லு.

— இந்தக் குளியல் தொட்டியைப் பேத்து எடுத்துடணும். படியே இல்லாம, நேரா நடந்து போய்க் குளிக்கற மாதிரி தரை வேணும். சுவத்துல கைப்பிடி, உக்காந்து குளிக்க ஒரு பலகை. தண்ணி கசியாம அடியில பூசறதையும் நீங்களே பண்ணணும். அதுக்கும் லைசென்ஸ் இருக்குன்னு அட்டையில போட்டிருக்கே.

— அட, உனக்கு முட்டி போயிடுச்சா?

— என் முட்டி நல்லாத்தான் இருக்கு. ஒருத்தர் இங்க வந்து தங்கப் போறாங்க.

— ஒருத்தரா? யாரு, பெட்ரோல் பங்க் ராய்ஸா? சனிக்கிழமை சனிக்கிழமை உன் காருக்குக் கண்ணாடி துடைச்சு விடறானாமே.

— சுவத்தை அளங்க சார். என்னை ஏன் அளக்கறீங்க?

— இல்ல, பாவம், உக்காந்துதான் குளிக்கணும்னா உன் ஆளுக்கு நல்லா வயசாயிடுச்சு போலிருக்கேன்னு பார்த்தேன். படுக்கற மாதிரியும் ஒரு பலகை அடிச்சுத் தரவா?

— கிண்டல் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக் கவனிப்பு ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு வந்து பார்ப்பா. லைசென்ஸ் உள்ளவர் செஞ்சாருன்னு சான்றிதழ் இருந்தாத்தான் கூட இருந்து பார்த்துக்கத் தினமும் ஆள் அனுப்புவாங்க. இல்லைன்னா அந்த மனுஷி இந்த ஊரை விட்டே போகணும். அதனால எனக்கு இந்த வேலை ஒழுங்கா முடியணும், கிளைட். விளையாட்டு இல்லை.

— ஓ, பொம்பளையா? அதை முதல்லயே சொல்லியிருந்தா ராய்ஸ் பேரைக் கெடுத்திருக்க மாட்டேன்ல. சரி, வியாழனுக்குள்ள முடிச்சுடறேன். நானும் முடிச்சாகணும். அந்தச் சனிக்கிழமை அம்மாவைக் கடற்கரைப் பக்கம் டவுன்ஸ்வில்லுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க முதியோர் இல்லத்துல இடம் கிடைச்சிருக்கு.

— கேள்விப்பட்டேன்.

— நீ திட்டுவேன்னு நெனைச்சேன்.

— வேலைக்கு வந்தவரைப் போய் யாராவது திட்டுவாங்களா?

— எனக்கு மட்டும் மனசா இருக்கு? ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அவங்களைத் தனியா விட முடியல. நானோ பண்ணை பண்ணையா சுத்திட்டு, ஷெட் மாடியில வந்து படுக்கறவன். அந்தப் படியில அவங்க எப்படி ஏறுவாங்க? டவுன்ஸ்வில்னு சொன்னேன். சரிப்பா போறேன்னுட்டாங்க. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. சரி, அதை விடு. கைப்பிடி எந்த உயரத்துல வைக்கணும்? அந்தம்மா எவ்வளவு உயரம்?

— என் தோளுக்கு வருவாங்க.

— சரி. எந்தப் பக்கம்?

— வலது பக்கம். இடது கையில பிடி நிக்கறதில்லை. பலகை மரத்துலதான் வேணுமாம். பிளாஸ்டிக்ல உக்காந்தா ஆஸ்பத்திரி ஞாபகம் வருதாம்.

— நோரீன்.

— பென்சில் கீழ கிடக்குது பாரு.

— இது எங்க அம்மாவுக்கா?

— ஆமா.

— என்கிட்ட போறேன்னு தலையாட்டினாங்களே.

— உன்கிட்ட அவங்க என்னைக்கு இல்லைன்னு சொல்லியிருக்காங்க? நீ அந்தப் பக்கம் போனதும் எனக்கு போன் போட்டு ஒரே அழுகை. கடலைப் பார்த்துட்டு உக்காந்திருக்க நான் என்ன கொக்கா, இங்கேயே இருந்து சாகறேன்னு.

— நீ வேணாம்னு என்னை அனுப்பினவ. எங்கம்மாவை எதுக்கு நீ சுமக்கணும்?

— உன்னைத்தான் அனுப்பினேன். உங்கம்மா ஹேஸலை எங்க அனுப்பினேன்? வாரா வாரம் பிங்கோ ஆட்டத்துக்கு என்கூடத்தான் வராங்க. எனக்கு அவங்களைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

— வாசல்லயே சொல்லியிருக்கலாம்ல.

— சொல்லக் கூடாதுன்னு அவங்க உத்தரவு. யாருக்குன்னு தெரிஞ்சா என் பையனுக்குக் கை நடுங்கும், அப்புறம் சுவரெல்லாம் ஒழுகும்னாங்க.

— கை விழுந்தாலும் வாய் விழல பாரு. இந்த வேலைக்கு நான் காசு வாங்க மாட்டேன், நோரீன்.

— வாங்கித்தான் ஆகணும். பில்லும் வேணும்.

— சரி தாயே, பில்லே தரேன். மனசுல அவ்வளவு அழுகையை வெச்சுக்கிட்டு எதுக்குப் போறேன்னாங்க?

— எல்லாம் உனக்காகத்தான். டவுன்ஸ்வில்ல ஒரு பிளம்பிங் கம்பெனிக்காரங்க அத்தனை தடவை வேலைக்குக் கூப்பிட்டும் நீ போகலையாமே. நல்ல சம்பளத்தை விட்டுட்டு இந்தப் புழுதியில கிடக்கறியே, எல்லாம் தன்னாலதானேன்னு அவங்களுக்கு உறுத்தல். தான் அங்க போயிட்டா நீயும் பின்னாலயே வந்து நல்லா இருப்பேன்னு நெனைச்சாங்க. இனிமே அந்தக் கவலையே வேணாம். அவங்களை நான் பார்த்துக்கறேன். வேலையை முடிச்சிட்டு நீ நிம்மதியா கிளம்பு.

— எங்க கிளம்பச் சொல்றே?

— டவுன்ஸ்வில்லுக்குத்தான். அம்மாவுக்காகத்தானே நீ இத்தனை வருஷம் இந்த ஊர்ல கிடந்தே?

— அவங்க அப்படி நெனைச்சுக்கிட்டது சரி. நீயுமா நோரீன் அப்படி நெனைச்சே?